சினாத்ரா, ஈஆர்பி: பக்கம் பிழைத்தால் எங்கே பார்ப்பது

ரூபி நிரல்மொழியில் இயங்குநிலை வலைப்பக்கம் என்றவுடன் பலரும் ரெயில்ஸ் என்னும் பெரிய கட்டமைப்பை நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள் முடிந்துவிடும் ஒரு தளத்துக்கு, பிளேக் மிசரானி 2007இல் தொடங்கிய சினாத்ரா நிரலகமும், மசதோஷி செகி எழுதி ரூபியுடனேயே கிடைக்கும், எச்டிஎம்எல்லுக்குள் ரூபியைக் கலந்து எழுத உதவும் ஈஆர்பி வார்ப்புருவும் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ஆனால் ரெயில்ஸ் நமக்காகச் சத்தமில்லாமல் செய்துவைக்கும் பல காரியங்களைச் சினாத்ரா செய்வதில்லை. ஆகையால் பிழைகள் வரும் விதமும் வேறாக இருக்கிறது. சினாத்ரா 4, ரூபி 3 ஆகியவற்றை மனத்தில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிப் போகும் வகையில் இதை எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளில் ரூபியின் கட்டளைச் சொற்களைத் தமிழ் ஒலியில் தந்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ரூபி அறிந்த வடிவில்தான் தட்ட வேண்டும். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள ரூபி தடை சொல்வதில்லை. கிளாஸ் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் அந்த இடத்தில் தமிழ் செல்லாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

உலாவியில் தெரிவதும் வழங்கி அனுப்பியதும் ஒன்றல்ல. உலாவி, மூடாமல் விட்ட குறிச்சொற்களைத் தானே மூடும், தவறான இடத்தில் இருப்பவற்றை இடம் மாற்றும், பழைய கோப்பைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டும். எனவே பிழை தெரிந்தவுடன் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: ஒன்று, வழங்கி ஓடிக்கொண்டிருக்கும் முனையம், மற்றொன்று, பக்கத்தின் மூலம். மூலத்தைப் பார்க்க உலாவியின் 'பக்க மூலத்தைக் காட்டு' வசதியைப் பயன்படுத்துங்கள். உருவாக்குநர் கருவியில் தெரியும் மரம் உலாவி திருத்திய வடிவம் என்பதால் அது சாட்சியாகாது. நிலைக்குறியீட்டையும் தலைப்புரைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், முனையத்திலிருந்தே கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளை இன்னும் நல்லது.

ஒரு கோரிக்கை பூமா வழங்கியிடம் வந்து, வழங்கியையும் செயலியையும் இணைக்கும் ரேக் வழியாகச் சினாத்ராவை அடைந்து, பொருந்தும் வழித்தடத்தின் (எந்த முகவரிக்கு எந்த நிரல் என்று எழுதிய விதி) நிரல் ஓடி, அது அழைக்கும் வார்ப்புரு எச்டிஎம்எல்லாக மாறி வெளியே போகிறது. முனையத்தில் கோரிக்கையின் வரியே விழவில்லை என்றால் பிழை வலையமைப்பில் அல்லது வழங்கியில் இருக்கிறது. 404 என்று விழுந்தால் வழித்தடத்தை ஆராய வேண்டும். 500 என்றால் வழித்தட நிரலிலோ வார்ப்புருவிலோ ஏதோ உடைந்திருக்கிறது. 200 என்று விழுந்தும் பக்கம் தவறாக இருக்கிறதே என்பவர்களுக்குத்தான் இக்கட்டுரையின் பெரும்பகுதி.

## வழங்கி எழவே இல்லை

தேவையான ஜெம்கள் (ரூபியின் நிரல் தொகுப்புகள்) கிடைக்கவில்லை, ரேக்அப், பூமா ஆகியவற்றைச் சேர்க்கவும் என்று செய்தி வந்தால், அது சொல்வதை அப்படியே செய்துவிடலாம். முன்பு ரூபியுடனேயே வந்துகொண்டிருந்த வெப்ரிக் வழங்கி, 2020 டிசம்பரில் வெளிவந்த ரூபி 3.0இல் நீக்கப்பட்டது. 2024 ஜனவரியில் வந்த சினாத்ரா 4 ரேக்கின் 3ஆம் பதிப்பை ஏற்றுக்கொண்டபோது, வழங்கியைத் தொடங்கிவைக்கும் ரேக்அப்பும் தனி ஜெம்மாகப் பிரிந்திருந்தது. பழைய பாடங்களைப் பார்த்துச் சினாத்ராவை மட்டும் நிறுவுகிறவர்கள் இங்கே நிற்பது இதனால்தான்.

முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால், சினாத்ராவின் வழக்கமான 4567ஆம் போர்ட்டை வேறு ஒன்று பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது நீங்கள் சற்று முன் ஓட்டிய அதே வழங்கியாகத்தான் இருக்கும்: கண்ட்ரோலுடன் சி அழுத்துவதற்குப் பதில் இசட் அழுத்தினால் நிரல் நிற்பதில்லை, உறங்கப்போகிறது, போர்ட்டையும் விடுவதில்லை. முனையத்தில் ஜாப்ஸ் கட்டளையைத் தட்டினால் உறங்குபவை தெரியும்.

## என் கணினியில் தெரிகிறது, வேறு கணினியில் தெரியவில்லை

உருவாக்கச் சூழலில் (டெவலப்மெண்ட்) சினாத்ரா லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது அதே கணினியை, மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். அதே வைஃபையில் உள்ள கைப்பேசியிலிருந்து திறந்தால் இணைப்பு மறுக்கப்படும். டாக்கர் கொள்கலனுக்குள் ஓட்டும்போதும் இதே கதைதான், ஏனென்றால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது கொள்கலன் மட்டுமே. வெளியே போர்ட்டைத் திறந்துவைத்தும் பயனில்லை. பைண்ட் அமைப்பை 0.0.0.0 என்று மாற்றினால் தீர்ந்துவிடும்.

இணைப்பு கிடைத்தும் 'இந்த ஹோஸ்ட் அனுமதிக்கப்படவில்லை' என்னும் பொருளில் ஒரு வரியும் 403உம் வந்தால், காரணம் வேறு. 2024 நவம்பரில் வந்த 4.1 பதிப்பிலிருந்து, உருவாக்கச் சூழலில் எந்தப் பெயரில் கோரிக்கை வருகிறது என்பதைச் சினாத்ரா சரிபார்க்கிறது. லோக்கல்ஹோஸ்ட், டெஸ்ட் என்று முடியும் பெயர்கள், ஐபி எண்கள் ஆகியவை செல்லும்; உள்ளூர் வழங்கியை இணையத்துக்குத் திறந்துவிடும் சுரங்கச் (டனல்) சேவைகள் தரும் தற்காலிகப் பெயர்கள் செல்லாது. ஹோஸ்ட் ஆதரைசேஷன் அமைப்பில் உங்கள் பெயரைச் சேருங்கள். சோதனையையே அணைத்துவிடும் குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது, அது தேவையில்லை.

## எழுதிய வழித்தடம் இருந்தும் 404

சினாத்ராவுக்கு இந்தப் பாடல் தெரியாது என்று கேலியாகச் சொல்லும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடிவிடாதீர்கள். அதன் கீழே, இப்படி எழுதிப் பாருங்கள் என்று ஒரு மாதிரி வழித்தடம் இருக்கும். அந்த மாதிரியின் முதல் சொல் கெட் என்றிருக்கிறதா, போஸ்ட் என்றிருக்கிறதா என்று பாருங்கள். வழங்கிக்கு உண்மையில் எந்த வகைக் கோரிக்கை வந்தது என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்கிறது. படிவத்தில் மெத்தட் பண்பை எழுத மறந்தால் உலாவி கெட் ஆகவே அனுப்பும். நீங்கள் போஸ்ட்டுக்கு மட்டும் வழித்தடம் எழுதியிருந்தால் 404 வருவது நியாயம்தான்.

வகை சரியாக இருந்தால் முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இயல்புநிலையில் சினாத்ரா, சாய்கோட்டோடு முடியும் முகவரியையும் அது இல்லாததையும் வெவ்வேறாகவே கருதும்; ஸ்ட்ரிக்ட் பாத்ஸ் அமைப்பை அணைத்தால் இரண்டும் ஒன்றாகும். புட், டெலீட் வகைகளை மறைபுலத்தின் வழியே அனுப்பும் படிவங்கள் ஒரே கோப்பில் எழுதிய செயலியில் ஒழுங்காக ஓடிவிட்டு, அதையே கிளாஸாகப் பிரித்து எழுதியதும் 404 தந்தால், மெத்தட் ஓவர்ரைட் அமைப்பு கிளாஸ் நடையில் இயல்பாகவே அணைந்திருக்கும் என்பதை நினைவுகொள்ளுங்கள்.

404க்குப் பதில் வேறொரு பக்கம் வருவதும் உண்டு. வழித்தடங்கள் எழுதிய வரிசையில்தான் பார்க்கப்படும். முதலில் பொருந்தியது வெல்லும். ஒரு நூலின் எண்ணை முகவரியிலிருந்து பெறும் பொதுவான வழித்தடத்தை மேலே வைத்துவிட்டு, புதிய நூலைச் சேர்க்கும் பக்கத்தின் வழித்தடத்தைக் கீழே வைத்தால், 'புதிது' என்ற சொல்லே நூல் எண்ணாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அப்படி ஒரு நூல் இல்லை என்ற செய்தி வரும். குறிப்பானது மேலே, பொதுவானது கீழே.

## பக்கம் வெள்ளையாக இருக்கிறது

இதில் மூன்று வகை உண்டு. எது என்பதை மூலத்தைப் பார்த்தவுடன் பிரித்துவிடலாம்.

மூலமே முழுக்க வெறுமையாக இருந்தால், வழித்தடத்தின் கடைசி மதிப்பு சரமாக இல்லை. சினாத்ராவில் நிரல்துண்டு கடைசியாகத் திருப்பித் தரும் மதிப்புதான் மறுமொழியின் உடல். வார்ப்புருவை அழைத்த பிறகு, சோதனைக்காக ஒரு புட்ஸ் வரியைக் கீழே சேர்த்தால் போதும்: புட்ஸ் தன் வேலையை முனையத்தில் முடித்துவிட்டு நில்லை (ரூபியில் 'எதுவும் இல்லை' என்னும் மதிப்பு) திருப்பித் தரும், உலாவிக்கு வெறுமை போகும். 'இப்படி இருந்தால் மட்டும்' என்று வரியின் இறுதியில் நிபந்தனை போட்டு வார்ப்புருவை அழைத்திருந்தால், நிபந்தனை பொய்யாகும்போதும் இதுவே நடக்கும். இதைவிட விசித்திரமானது கடைசி வரி முழு எண்ணாக அமைவது. சினாத்ரா அதை நிலைக்குறியீடாக எடுத்துக்கொள்ளும். பதிவுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் வரி கடைசியில் நின்று, தற்செயலாக 404 பதிவுகள் இருந்தால், பக்கம் இல்லை என்ற குறியீடும் வெற்று உடலும் போகும். 405ஆவது பதிவைச் சேர்த்ததும் அறிகுறி மாறிவிடும்.

தலைப்பும் பட்டியும் வந்து நடுப்பகுதி மட்டும் வெறுமையாக இருந்தால், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுச் சட்டமாகிய லேஅவுட் கோப்பில், பக்கத்தின் உள்ளடக்கத்தை இடும் `<%= ஈல்ட் %>` இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறி விடுபட்டிருக்கும், அல்லது ஈல்ட்டே இருக்காது. வியூஸ் அடைவில் லேஅவுட் என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் சினாத்ரா கேட்காமலேயே அதைப் போர்த்திவிடும் என்பது தெரியாமல், வேறு வேலைக்காக அந்தப் பெயரை வைத்தவர்களுக்கும் இதே காட்சிதான் கிடைக்கும்.

பக்கம் முழுதும் வந்து, ஒரு மதிப்பு மட்டும் காணாமல் போனால், `<%` எழுதிய இடத்தில் `<%=` எழுதியிருக்க வேண்டும். முதலாவது நிரலை ஓட்டும், மதிப்பை எழுதாது. பிழைச்செய்தி எதுவும் வராது.

## தொடரமைப்புப் பிழை. காட்டும் வரியில் தவறே இல்லை

ஈஆர்பி உங்கள் வார்ப்புருவை நேரடியாக ஓட்டுவதில்லை. முதலில் அதை ஒரு ரூபி நிரலாக மாற்றுகிறது: எச்டிஎம்எல் துண்டுகள் எல்லாம் ஒரு சரத்தோடு சேர்க்கும் கட்டளைகளாகவும், `<%= %>` உள்ளவை மதிப்பைச் சரமாக்கிச் சேர்க்கும் கட்டளைகளாகவும், `<% %>` உள்ளவை இருந்தபடியே நிரல் வரிகளாகவும் ஆகும். பிறகு அந்த நிரல் ஓடுகிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பகுதியில் உள்ள பிழைகள் அனைத்தும் தாமாக விளங்கும். ஈஆர்பி கட்டளையை எக்ஸ் தெரிவுடன் உங்கள் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால், அந்த நிரல் முனையத்தில் அச்சாகும். அதைக் குழாய் வழியாக ரூபியின் சி தெரிவுக்கு அனுப்பினால், ஓட்டாமல் தொடரமைப்பை மட்டும் சோதித்துச் சொல்லும்.

ஆகவே கோப்பின் கடைசி வரியில் பிழை என்றால், நடுவில் எங்கோ ஒரு `<% எண்ட் %>` விடுபட்டிருக்கிறது என்று பொருள். துண்டு மூடப்படவில்லை என்பது கோப்பு முடியும்வரை ரூபிக்குத் தெரியாது. எதிர்பாராத எண்ட் என்றால் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த ரூபி 3.4 முதல் பிரிசம் என்னும் புதிய பகுப்பியே இயல்பாக வருவதால், செய்திகள் முன்பைவிடத் தெளிவாக இருக்கின்றன. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள், சந்தேகப்படும் வார்ப்புருவை மட்டும் புதிய ரூபியில் சோதித்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ரெயில்ஸிலிருந்து வருகிறவர்கள் இரண்டு பழக்கங்களைக் கையோடு கொண்டுவருகிறார்கள். ஒன்று, `<%= @நூல்கள்.ஈச் டூ |நூல்| %>` என்று துண்டைத் தொடங்கும் இடத்தில் சமக்குறி போடுவது. ரெயில்ஸின் படிவ உதவிகளில் இது செல்லும், ஏனென்றால் அங்கே துண்டோடு வரும் குறிகளுக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. வெறும் ஈஆர்பியில் மாற்றிய நிரலைப் பார்த்தால், சரமாக்கும் அடைப்புக்குறிக்குள் பாதித் துண்டு அகப்பட்டுக்கொண்டிருப்பது தெரியும். சமக்குறியை எடுத்துவிட்டால் சரியாகும். மற்றொன்று, வரியின் இறுதியில் `-%>` என்று மூடுவது. அந்த இடைக்கோட்டை, தேவையற்ற வெற்று வரிகளை நீக்கும் ட்ரிம் அமைப்பு புரிந்துகொள்ளாவிட்டால் அது கழித்தல் குறியாக நிரலுக்குள் போய்விடும். சினாத்ராவுக்கும் வார்ப்புருவுக்கும் இடையே நிற்கும் டில்ட் ஜெம்மில் ஈஆர்பிக்கான இயல்பான ட்ரிம் முறை `<>` என்பதால், இடைக்கோடு வேண்டுமென்றால் ஈஆர்பி அமைப்பில் அதைச் சொல்ல வேண்டும்.

நீக்கிய வரி இன்னும் பிழை தருகிறது என்ற புகாரும் இங்கேயே அடங்கும். `<!--` கொண்டு மறைத்த பகுதி உலாவிக்குத்தான் குறிப்புரை; ஈஆர்பிக்கு அது வழக்கமான உரை, உள்ளே உள்ள `<%= %>` ஓடத்தான் செய்யும், தரவுத்தளத்தைக் கேட்கத்தான் செய்யும், விடை மூலத்தில் எல்லாரும் படிக்கும்படி போகத்தான் செய்யும். `<%# %>` கொண்டு மறைப்பதே முறை. அதை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட முடியாது என்பதால், பெரிய பகுதியை மறைக்க `<% இஃப் ஃபால்ஸ் %>` என்று தொடங்கி `<% எண்ட் %>` என்று மூடிக்கொள்ளலாம்.

## நில்லுக்கு இந்த மெத்தட் இல்லை

ரூபியில் மதிப்பு தரப்படாத சாதாரண மாறியைப் பயன்படுத்தினால் உடனே பெயர்ப்பிழை வரும். `@` சேர்த்த மாறிக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. இல்லாததைக் கேட்டால் அமைதியாக நில் கிடைக்கும். வழித்தடத்தில் `@நூல்கள்` என்றும் வார்ப்புருவில் `@நூல்` என்றும் எழுதிவிட்டால், பிழை அந்த இடத்தில் வராமல், அதன்மேல் ஈச் அழைக்கும்போதுதான் வரும். வெறுமனே அச்சிட்டால் அதுவும் வராது, வெற்றிடம் மட்டும் தெரியும். இந்தக் காரணத்துக்காகவே, துணை வார்ப்புருக்களுக்கு மதிப்புகளை லோக்கல்ஸ் வழியாகப் பெயர் சொல்லிக் கொடுப்பதை நான் விரும்புகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பெயரோடு, வரி எண்ணோடு கத்திவிடும். சினாத்ரா இல்லாமல் ஈஆர்பியை மட்டும் பயன்படுத்துகிறவர்கள், பைண்டிங்கை (அந்த இடத்தில் தெரியும் மாறிகள் அனைத்தும்) அப்படியே கொடுப்பதற்குப் பதில், ரூபி 2.5இல் வந்த ரிசல்ட் வித் ஹேஷ் மெத்தட்டைப் பயன்படுத்தினால் இதே கண்டிப்பு கிடைக்கும்.

பெயர் சரியாக இருந்தும், வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்ட பிறகு மாறி நில்லாகிவிட்டது என்றால், அது எதிர்பார்க்க வேண்டியதே. சினாத்ரா ஒவ்வொரு கோரிக்கைக்கும் செயலியின் புதிய படியை எடுத்து ஓட்டுகிறது. ரீடைரக்ட் என்பது உலாவியை இன்னொரு கோரிக்கை அனுப்பச் சொல்வது. முதல் படியின் மாறிகள் அதோடு போயின. 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தியைக் கடத்த வேண்டுமென்றால் செஷனில் (ஒரே பயனரின் கோரிக்கைகளுக்கிடையே மதிப்புகளைக் காக்கும் இடம்) வைத்து, அடுத்த பக்கத்தில் படித்தவுடன் அழித்துவிடுங்கள்.

முகவரியிலிருந்தும் படிவத்திலிருந்தும் வரும் எல்லாமே சரங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்க எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வகைப்பிழை வரும், அது கண்ணுக்குத் தெரியும். தேர்வுப் பட்டியலில் முன்பு தேர்ந்தது மறுபடி தேர்வாகவே மாட்டேன் என்பதுதான் தெரியாத வகை: சரமான 3உம் எண்ணான 3உம் சமமல்ல என்று ரூபி சத்தமில்லாமல் முடிவுசெய்துவிட்டிருக்கும்.

## தமிழ் எழுத்துகள் சிதைகின்றன

தமிழுக்குப் பதில் மேற்குறிகள் கொண்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை உலாவி வேறு குறியேற்றமாகப் படிக்கிறது. ஈஆர்பி வழியாக வரும் பக்கங்களுக்குச் சினாத்ரா தலைப்புரையில் யூடிஎஃப்-8 என்று தானே சேர்த்துவிடும். எனவே இந்தச் சிதைவு பெரும்பாலும் வேறு வழங்கி நேரடியாகக் கொடுக்கும் நிலைக்கோப்புகளில்தான் வரும். மெட்டா குறிச்சொல்லில் குறியேற்றத்தைச் சொல்லிவிடுங்கள். அது கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வர வேண்டும் என்பது எச்டிஎம்எல் வரையறை.

பக்கமே வராமல், யூடிஎஃப்-8உம் ஆஸ்கி-8பிட்டும் பொருந்தவில்லை என்று பிழை வந்தால், வார்ப்புருவில் உள்ள தமிழும் வெளியிலிருந்து வந்த பைட்டுகளும் ஒரே சரத்தில் சேரும்போது மோதியிருக்கின்றன. வெளியிலிருந்து வந்தது ஆங்கிலமாக மட்டும் இருந்தவரை இது ஓடிக்கொண்டிருந்திருக்கும், ஏனென்றால் ஆஸ்கி எழுத்துகள் எதோடும் ஒட்டும். பைட்டுகள் உண்மையிலேயே யூடிஎஃப்-8 என்றால், ஃபோர்ஸ் என்கோடிங் கொண்டு பெயர்ச்சீட்டை மட்டும் மாற்ற வேண்டும். என்கோட் மெத்தட் பைட்டுகளையே மாற்ற முயலும், ஆகவே அது இங்கே வேண்டாம். கணினியில் ஓடி, வழங்கியில் மட்டும் 'யுஎஸ் ஆஸ்கியில் செல்லாத பைட்டு வரிசை' என்று வந்தால் நிரலைத் தொடவே வேண்டாம்: அங்கே லாங் சூழல்மாறி சி என்று இருக்கிறது, அதனால் ரூபி கோப்புகளை ஆஸ்கியாகப் படிக்கிறது. குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைகளிலும் மெலிந்த கொள்கலன்களிலும் இது வழக்கம். சி.யூடிஎஃப்-8 என்று மாற்றிவிடுங்கள்.

குறியேற்றம் எல்லாம் சரி, ஆனால் பட்டியலில் சுருக்கிக் காட்டும் தலைப்பின் கடைசி எழுத்து மட்டும் மாறிவிடுகிறது என்றால், அது ஆங்கிலத்தை வைத்து எழுதிய பாடங்களில் கிடைக்காத பிழை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ரூபி 5 என்கிறது, பைட்டுகள் 15, நாம் படிக்கும் எழுத்துகள் 3. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக அது எண்ணுகிறது. முதல் இரண்டை வெட்டினால் 'தமி' வராது, 'தம' வரும். முதல் நான்கை வெட்டினால் புள்ளி போய்த் 'தமிழ' ஆகும். கிராபீம் கிளஸ்டர்ஸ் மெத்தட்டால் எழுத்துகளாகப் பிரித்து, வேண்டிய அளவு எடுத்து, மீண்டும் சேர்த்தால் சொல் சிதையாது. உலாவியில் ஒரு வரிக்குள் அடங்கினால் போதும் என்றால், வெட்டும் வேலையைச் சிஎஸ்எஸ்ஸிடமே விட்டுவிடுவது எளிது.

தேடலில் 'தொழில்' என்று தட்டினால், பட்டியலில் கண்முன்னே இருக்கும் 'தொழில்' கிடைக்கவில்லை என்பதும் இதே குடும்பம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ரூபியின் ஒப்பீட்டில் இரண்டும் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோட் நார்மலைஸ் மெத்தட்டின் வழியே செலுத்திவிட்டால் ஒரே வடிவம் கிடைக்கும்.

## பயனர் தட்டியது பக்கத்தையே கலைக்கிறது

பெயர்ப் புலத்தில் ஒருவர் `<` குறியைத் தட்டியதும் அதற்குப் பின் உள்ளவை மறைந்தால், அதே வழியில் ஸ்கிரிப்டையும் உள்ளே விட முடியும். எனவே இது தோற்றக் குறை அல்ல, பாதுகாப்புக் குறை. ரெயில்ஸ் 2010இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்தே இதைத் தானாகத் தடுக்கிறது. ஈஆர்பியும் சினாத்ராவும் தடுப்பதில்லை. ஒவ்வொரு இடத்திலும் எச்டிஎம்எல் எஸ்கேப் மெத்தட்டை அழைக்கலாம், ஆனால் ஒரு நாள் ஓர் இடத்தில் மறக்கத்தான் செய்வோம். எரூபி ஜெம்மைச் சேர்த்து, ஈஆர்பி அமைப்பில் எஸ்கேப் எச்டிஎம்எல்லை இயக்கிவிடுவதே நான் பரிந்துரைப்பது.

இயக்கியவுடன் தளம் முழுவதும் குறிச்சொற்கள் எழுத்துகளாகத் தெரியத் தொடங்கும், பயப்பட வேண்டாம். லேஅவுட்டில் ஈல்ட் தருவதும் துணை வார்ப்புரு தருவதும் ஏற்கெனவே எச்டிஎம்எல் என்பதால், அந்த இடங்களில் மட்டும் `<%==` என்று இரட்டைச் சமக்குறி போட வேண்டும். அவை தவிர வேறெங்கும் இரட்டைச் சமக்குறி வந்தால் ஒருமுறை நின்று யோசியுங்கள். ஆம்பர்சாண்டு குறியீடுகள் பச்சையாகத் தெரிந்தால், ஏற்கெனவே கையால் எஸ்கேப் செய்த மதிப்பு இப்போது இரண்டாவது முறை எஸ்கேப் ஆகிறது. பழைய அழைப்பை நீக்குங்கள்.

இன்னொரு சிறிய தொல்லை: உரைப்பெட்டியில் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். வார்ப்புருவை அழகாக உள்தள்ளி எழுதியதன் விளைவு அது. உரைப்பெட்டியின் தொடக்கக் குறிச்சொல், `<%= %>`, முடிவுக் குறிச்சொல் மூன்றும் இடைவெளியின்றி ஒரே வரியில் நிற்க வேண்டும்.

## மாற்றியது தெரியவில்லை

வார்ப்புருவை மாற்றினால் தெரிகிறது, வழித்தடத்தை மாற்றினால் தெரியவில்லை என்றால், வழங்கியை நிறுத்தித் தொடங்குங்கள். உருவாக்கச் சூழலில் சினாத்ரா வார்ப்புருக்களை மட்டுமே ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கும். நிரல் கோப்பைப் படிப்பதில்லை. சினாத்ரா காண்ட்ரிப் ஜெம்மில் உள்ள ரீலோடர் அதையும் செய்யும். வார்ப்புருவே மாறவில்லை என்றால் சூழல், நேரடித் தளத்துக்கான புரொடக்‌ஷன் ஆக இருக்கலாம். ஆப் என்வ், ரேக் என்வ் இரண்டும் வைக்கப்பட்டிருந்தால் முதலாவதுதான் வெல்லும்.

## அடிக்கடி வெளியேற்றப்படுகிறார்கள். படிவம் 403 தருகிறது

செஷன் ரகசியத்தை நீங்கள் கொடுக்காவிட்டால், சினாத்ரா தொடங்கும்போது எழுந்தமானமாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். மறுதொடக்கம் செய்தவுடன் பழைய குக்கிகளை அதனால் படிக்க முடியாது; எல்லாரும் வெளியே. ரகசியத்தைச் சூழல்மாறியில் நிலையாக வையுங்கள். அது குறைந்தது 64 பைட்டுகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் தொடக்கத்திலேயே பிழை வரும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு அறிகுறி, புதுப்பிக்கும்போதெல்லாம் எண்ணிக்கை மாறி மாறி வருவது: பூமா பல செயலாக்கங்களாக ஓடும்போது, உலகளாவிய மாறியில் வைத்த மதிப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனி. அந்த மதிப்பு தரவுத்தளத்துக்குப் போக வேண்டும்.

உள்ளூரில் ஓடிய படிவம், எச்டிடிபிஎஸ் தளத்துக்கு ஏற்றிய பின் 403 தந்தால், முனையத்தில் ரேக் புரொடெக்‌ஷன் ஒரு தாக்குதலைத் தடுத்ததாக எழுதியிருக்கும். எச்டிடிபி ஆரிஜின் என்ற பெயர் அதில் இருந்தால், உலாவி எச்டிடிபிஎஸ் என்று சொல்ல, முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வழங்கி எச்டிடிபியாக மாற்றி உள்ளே அனுப்ப, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பாதுகாப்பை அணைக்காதீர்கள். என்ஜின்எக்ஸ் அமைப்பில் ஹோஸ்ட் தலைப்புரையையும், எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ தலைப்புரையையும் சரியாகக் கடத்தினால் போதும்.

## வழங்கியில் 'உள்பிழை' என்ற ஒரே வரி

புரொடக்‌ஷனில் சினாத்ரா பிழை விவரத்தைப் பார்வையாளருக்குக் காட்டாது. ஆனால் பிழை ஓடையில் முழுச் சுவட்டையும் எழுதும். சிஸ்டம்டி வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் ஜர்னல்சிடிஎல்லில் உங்கள் சேவையின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். கொள்கலன் என்றால் டாக்கர் லாக்ஸ். சுவட்டில் ஜெம்களின் பாதைகளைத் தாண்டி, உங்கள் அடைவின் பெயர் முதன்முதலில் வரும் வரியே தேட வேண்டிய இடம். விவரப் பக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டால் வேலை எளிது என்று தோன்றும். அந்தப் பக்கம் கோரிக்கையின் சூழல் முழுவதையும், குக்கிகளோடும் செஷனோடும் சேர்த்து, யார் கேட்டாலும் அச்சிட்டுக் கொடுக்கும் என்பதால், அதை உள்ளூர்க் கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.